கோட்டையிலிருந்து கோவில் முற்றத்துக்கு: பேண்டு வாத்தியம் வந்த வழி



நம் பங்கின் தோற்றம், கோவில் எழும்பிய வரலாறு, இங்கே பணியாற்றிய குருக்கள், கன்னியர், உபதேசியார்கள் ஆகியோரின் தொண்டு ஆகியவற்றையெல்லாம் இம்மலரில் மற்றவர்கள் எழுதியிருக்கிறார்கள். நமக்கு ஒதுக்கப்பட்ட பக்கங்களில், எவரும் எடுத்துக்கொள்ளாத ஒரு பொருளைப் பற்றி எழுத விரும்புகிறோம். அதுதான் நம் பேண்டு வாத்தியக் குழு.

யூபிலி விழா மலரில் பேண்டு வாத்தியத்துக்கு என்ன இடம் என்று சிலர் கேட்கலாம். யூபிலி என்னும் சொல்லே ஒரு வாத்தியத்தின் பெயரிலிருந்து வந்ததாகும். எபிரேய மொழியில் 'யோபேல்' என்றால் ஆட்டுக்கடாவின் கொம்பு. ஐம்பதாம் ஆண்டு பிறந்ததும் நாடெங்கும் கொம்பு ஊதி, அடிமைப்பட்டவனுக்கு விடுதலையும், நிலம் இழந்தவனுக்கு அவன் நிலமும் திரும்பக் கிடைக்கும் என அறிவிக்க வேண்டுமென்று லேவியர் நூலின் 25-ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. எண்ணிக்கை நூலின் 10-ஆம் அதிகாரத்திலோ, வெள்ளியால் இரண்டு எக்காளங்கள் செய்யும்படி மோசே பணிக்கப்படுகிறார். போருக்குப் புறப்படும்போதும் அவற்றை ஊத வேண்டும், திருவிழா நாளில் பலி செலுத்தும்போதும் ஊத வேண்டும். ஆக, பட்டாளத்துக்கும் பலிபீடத்துக்கும் ஒரே எக்காளம் பொதுவாயிருந்தது. நம் பேண்டின் கதையும் ஏறக்குறைய இதுவே.

இக்கதையைத் தேடும்படி நம்மைத் தூண்டியது ஒரு கேள்வி. நாம் இப்பங்கின் பொறுப்பை ஏற்ற முதல் ஆண்டுத் திருவிழாவில், தேர்பவனி முடிந்து சப்பரம் கோவிலுக்குள் வந்து சேர்ந்தபோது இரவு மணி இரண்டைத் தாண்டிவிட்டது. குருக்களும் ஊர்ப் பெரியவர்களும் விருந்து உண்டார்கள். ஆறு மணி நேரம் நடந்துகொண்டே வாசித்த பேண்டுக்காரர்கள் எல்லோரும் உண்டு முடித்தபின், பின்கட்டில் கிணற்றடியில் அமர்ந்து உண்டதை நாம் கண்டோம். கண்டும் ஒன்றும் சொல்லாமல் படுக்கப் போனோம். மறுநாள் காலையில் கிளாரினெட் வாசிக்கும் பெரியவர் வந்து சிரித்துக்கொண்டே கேட்டார்: "சாமி, தேருக்கு முன்னால எங்களத்தான் நிறுத்துறாக. பந்தியில மட்டும் ஏன் சாமி கடைசியில நிறுத்துறாக?"

நம்மிடம் பதில் இல்லை. பேண்டில் இருப்போர் எந்தத் தெருப் பிள்ளைகள் என்பதை நாம் எழுதிக்காட்ட வேண்டியதில்லை, நீங்கள் அறிவீர்கள். அந்தக் கேள்வியோடுதான் நாம் இவ்வாத்தியங்களின் வரலாற்றைப் படிக்கத் தொடங்கினோம்.

கோட்டையில் கேட்ட இசை

கிழக்கிந்தியக் கம்பெனியின் பட்டாளம் இருந்த இடமெல்லாம் முரசும் குழலும் இருந்தன. வீரர் துயில் எழவும், ஒரே சீராக நடக்கவும், போர்க்களத்தின் இரைச்சலில் கட்டளை அறியவும் அவை வேண்டியிருந்தன. திறந்த வெளியில் நெடுந்தூரம் கேட்பதும், நடந்துகொண்டே வாசிக்கக் கூடியதுமான ஊதுகருவிகளே பட்டாளத்துக்குப் பொருத்தமானவை. சென்னை ஜார்ஜ் கோட்டையில் இத்தகைய பேண்டு வாசிப்பதைக் கேட்டவர்களுள் திருவாரூரிலிருந்து வந்த ஓர் இசைக் குடும்பமும் உண்டு. அதுவே இராமசுவாமி தீட்சிதரின் குடும்பம்.

சென்னையை அடுத்த மணலியில் வாழ்ந்த வேங்கடகிருஷ்ண முதலியார் இக்குடும்பத்தை ஆதரித்தவர். கம்பெனியாரோடு தொடர்புடைய அவர் தீட்சிதரின் புதல்வர்களைக் கோட்டைக்கு அழைத்துச் சென்று ஐரோப்பிய இசையைக் கேட்கச் செய்தார். அதன் பயனாக இரண்டு நற்காரியங்கள் நிகழ்ந்தன. இளையவரான பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்றுக் கர்நாடக இசையில் அதை வாசிக்கலானார். இன்று வயலின் இல்லாத கச்சேரி இல்லை. மூத்தவரான முத்துசுவாமி தீட்சிதரோ பேண்டில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் சாகித்தியம் இயற்றினார். சங்கராபரண இராகத்தில் அமைந்த ஏறக்குறைய நாற்பது சிறு பாடல்கள் 'நோட்டுஸ்வரம்' என்ற பெயரால் இன்றும் குழந்தைகளுக்குக் கற்பிக்கப்படுகின்றன. ஆங்கில அரசரை வாழ்த்தும் பாட்டின் மெட்டும் அவற்றுள் ஒன்று. படைவீரனின் நடைக்கு அமைந்த மெட்டைத் தெய்வத் துதிக்கு உரியதாக்கிக்கொண்டவர் கர்நாடக இசை மும்மூர்த்திகளுள் ஒருவர் என்பதை நாம் மறக்கலாகாது.

இக்கதை நம் மதுரையையும் தொடுகிறது. நடு சகோதரரான சின்னசுவாமி தீட்சிதர் மதுரையில் உயிர்நீத்தார். தம்பியரைத் தேடி மதுரைக்கு வந்த முத்துசுவாமி தீட்சிதர், பாலுசுவாமி எட்டயபுரம் அரசவையில் இருப்பதறிந்து அங்கே சென்றார். 1835-இல் அவ்வூரிலேயே காலமானார். பின்னர் அக்குடும்பத்துச் சுப்பராம தீட்சிதர் தம் முன்னோரின் பாடல்களை எழுத்தில் வடிக்கும்படி தூண்டியவர்களுள் முக்கியமானவர் ஏ. எம். சின்னசாமி முதலியார் என்னும் கிறிஸ்தவர். நம் நாட்டு இசையை ஐரோப்பிய இசைக் குறிப்பு முறையில் பதிப்பிக்கும் வேலையை அவர் 1893-இல் தொடங்கி, அதற்காகவே கண்ணொளியையும் இழந்தார். சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' 1904-இல் எட்டயபுரத்தில் வெளிவந்தது. கோட்டைக் குழல் திறந்துவிட்ட வழியில் இந்துவும் கிறிஸ்தவரும் தோளோடு தோள் சேர்ந்து நடந்தார்கள்.

தஞ்சையில் இரண்டாம் சரபோஜி மன்னர் (ஆட்சி 1798–1832) ஐரோப்பிய வாத்தியங்களைக் கொண்ட அரண்மனை பேண்டு ஒன்றை வைத்திருந்தார். அவர் காலத்து மேலைநாட்டு இசை ஏடுகள் சரசுவதி மகால் நூலகத்தில் பாதுகாக்கப்பட்டுள்ளன. தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு, சரபோஜியின் ஆசானாகிய சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் வயலின் கற்றார் என்று சிலர் சொல்வதுண்டு. சுவார்ட்ஸ் மறைந்தது 1798-இல், வடிவேலு பிறந்ததோ 1810-இல். ஆகவே அது நடந்திருக்க முடியாது. அரண்மனையில் பரவியிருந்த இசைச் சூழலே வடிவேலுவுக்கு ஆசானாயிற்று எனக் கொள்வதே பொருந்தும். கிளாரினெட்டும் தஞ்சையில்தான் சதிர்க் கச்சேரியில் புகுந்தது. முகவீணைக்குப் பதிலாக அதைக் கொண்டுவந்த பெருமை மகாதேவ நட்டுவனாருக்கு உரியது என்பர். பிற்காலத்தில் திருச்சி ஏ. கே. சி. நடராஜன் அதே கருவியில் முழுக் கச்சேரி செய்து, 2008-இல் சங்கீத கலாநிதி விருதும் பெற்றார்.

ஜாஸ் என்னும் இசை

நம் பேண்டில் நெளிந்து வளைந்து நிற்கும் சாக்சபோனுக்கும் இதுபோன்ற ஒரு கதை உண்டு. பெல்ஜியம் நாட்டில் 1814-இல் பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் என்பவர் அதை உருவாக்கி 1846-இல் காப்புரிமை பெற்றார். முதலில் அதை ஏற்றுக்கொண்டது பிரெஞ்சு இராணுவம். பித்தளையின் முழக்கமும் கிளாரினெட்டின் நெகிழ்வும் ஒன்றாகச் சேர்ந்த குரல் பட்டாளத்துக்குத் தேவைப்பட்டது. அக்கருவியை உலகமெங்கும் கொண்டுசென்றதோ ஜாஸ் இசை.

ஜாஸ் பிறந்தது அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரில். பிரெஞ்சுக்காரர் நிறுவிய, கத்தோலிக்கர் மிகுந்த நகர் அது. அங்கே அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களும் அவர்தம் பிள்ளைகளும் பட்டாள பேண்டின் வாத்தியங்களையே கையில் எடுத்தனர். கல்லறைக்குச் செல்லும்போது மெதுவான ஞானப்பாடலும், அடக்கம் முடிந்து திரும்பும்போது துள்ளலான மெட்டும் வாசிப்பது அந்நகர வழக்கம். எழுதிவைத்த மெட்டை அப்படியே வாசிப்பதோடு நில்லாமல், ஒவ்வொருவரும் தம் மனோதர்மப்படி அதை விரித்து வாசிப்பது ஜாஸின் உயிர். நம் நாதஸ்வர வித்துவான் இராக ஆலாபனை செய்வதை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும்.

பட்டாளமும் ஜாஸும் ஒன்றாகச் சேர்ந்த வரலாற்றில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஜேம்ஸ் ரீஸ் யூரோப். 1880-இல் பிறந்த இக்கறுப்பினக் கலைஞர், 1912-இல் நியூயார்க்கின் புகழ்பெற்ற கார்னகி அரங்கில் பெருங்கச்சேரி ஒன்றை நடத்தினார். ஹார்லெம் பகுதியில் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இசை கற்பித்த ஒரு பள்ளிக்கு நிதி திரட்டவே அது நடைபெற்றது. முதல் உலகப் போரின்போது 369-ஆம் காலாட்படையின் பேண்டுக்குத் தலைமை ஏற்று 1918-இல் பிரான்சின் ஊர் ஊராகச் சென்று வாசித்தார். தங்கள் தேசிய கீதத்தையே அவர்கள் வாசித்த புது நடையில் கேட்ட பிரெஞ்சு மக்களுக்கு அது இன்ன பாட்டு என்று முதலில் தெரியவில்லையாம். தெரிந்ததும் வியந்து வணக்கம் செலுத்தினார்களாம். யூரோப் வாசிப்பதோடு நிற்கவில்லை. அதிகாரியாகப் போர்முனைக்கும் சென்று நச்சுப் புகையால் தாக்குண்டார். அப்படை 191 நாட்கள் முன்னணியில் நின்றது, பிரான்சின் வீர விருதையும் பெற்றது.

ஆயினும் போருக்குப் புறப்படுமுன் நியூயார்க்கில் நடந்த வழியனுப்பு அணிவகுப்பில் அவர்களுக்கு இடம் மறுக்கப்பட்டிருந்தது. வானவில்லின் பெயரைத் தாங்கிய படைப்பிரிவுடன் சேர்ந்து நடக்கக் கேட்டபோது, கறுப்பு வானவில்லின் நிறங்களில் ஒன்றல்ல என்ற பதில் கிடைத்ததாம். வெற்றியோடு திரும்பிய அவர்கள் 1919 பெப்ரவரி 17-ஆம் நாள் அதே நகரின் பெருவீதி வழியே பேண்டு முழங்க நடந்தார்கள். அடுத்த மே மாதத்தில் யூரோப் தம் குழுவினன் ஒருவனாலேயே தாக்கப்பட்டு இறந்தார்.

சென்னைக்கு வந்த படைவீரர்

இரண்டாவது பெயர் டேவ் புரூபெக். நம் மாநிலத்தில் கால் பதித்தவர் இவர். 1920-இல் கலிபோர்னியாவில் பிறந்து, 1942-இல் இராணுவத்தில் சேர்க்கப்பட்டார். 1944-இல் பிரான்சில் போர்முனைக்கு அனுப்பப்பட இருந்த வேளை, வீரர்களை மகிழ்விக்க வந்த செஞ்சிலுவைச் சங்கக் குழுவினர் பியானோ வாசிக்க ஆள் கேட்டார்கள். புரூபெக் முன்வந்து வாசித்தார். அதைக் கேட்ட அதிகாரி அவரைப் போர்முனைக்கு அனுப்பாமல், ஒரு பேண்டை அமைக்கச் சொன்னார். 'ஓநாய்க் கூட்டம்' என்று பெயர் பெற்ற அக்குழுவில் வெள்ளையரும் கறுப்பினத்தவரும் சேர்ந்து இருந்தனர். நிற வாரியாகப் பிரித்து வைக்கப்பட்டிருந்த அன்றைய இராணுவத்தில் அது அரிதினும் அரிது.

போர் முடிந்து அவர்கள் தாய்நாடு திரும்பினார்கள். டெக்சாஸ் மாநிலத்தில் உணவருந்தச் சென்ற இடத்தில், கறுப்பின வீரர்கள் மற்றவர்களோடு அமர்ந்து உண்ணலாகாது என்று சொல்லிவிட்டார்கள். நாட்டுக்காகப் போரிட்ட ஒருவர் அங்கே நின்று அழுததைப் புரூபெக் முதிய வயதிலும் கண்ணீரோடு நினைவுகூர்ந்தார். இதைப் படித்தபோது நம் கிணற்றடி நம் கண்முன் வந்தது. டெக்சாஸ் வெகு தொலைவில் இருக்கிறது என்று எண்ணியிருந்தோம். அது நம் பங்கு இல்லத்தின் பின்கட்டிலேயே இருந்தது.

1958-இல் அமெரிக்க அரசு புரூபெக்கின் நால்வர் குழுவை நல்லெண்ணத் தூதாகப் பல நாடுகளுக்கு அனுப்பியது. அப்போது இந்தியாவுக்கு வந்த அவர்கள் சென்னையிலும் வாசித்தார்கள். அங்கே மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளையைச் சந்தித்து, நம் தாளக் கணக்கின் நுட்பத்தைக் கேட்டு வியந்தார் புரூபெக். அதன்பின் 1963-இல் டியூக் எலிங்டனின் பெரிய குழுவும் சென்னைக்கு வந்து சென்றது. புரூபெக்கின் குழுவில் யூஜின் ரைட் என்னும் கறுப்பினக் கலைஞர் இருந்தார். 1960-இல் அமெரிக்கத் தென் மாநிலக் கல்லூரிகள் பல, அவரை நீக்கிவிட்டு வந்தால் கச்சேரி வைக்கலாம் என்றன. புரூபெக் மறுத்துவிட்டார். கச்சேரிகள் இரத்தாயின, பெரும் வருமானமும் போயிற்று.

பின்னர் ஒரு கத்தோலிக்க இதழ் கேட்டுக்கொண்டதன்பேரில் திருப்பலி முழுமைக்கும் அவர் இசை அமைத்தார். அந்த இசை 1980-இல் அரங்கேறியது. அதில் கர்த்தர் கற்பித்த செபம் விடுபட்டிருந்ததை ஒரு குரு சுட்டிக்காட்டினார். சில நாள் கழித்து அச்செபத்தின் இசை அவருக்குக் கனவில் கேட்டதாம். அதை எழுதி முடித்த அவர் அதே ஆண்டில் கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். 1987-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் சான் பிரான்சிஸ்கோ நகருக்கு வந்தபோதும் இவரே இசை அமைத்தார். 2012 டிசம்பரில் இறைவனடி சேர்ந்தார்.

அமெரிக்கப் படைகளில் 1950-இல் விமானப்படையும், 1969-இல் தரைப்படையும் கடற்படையும் தனி ஜாஸ் குழுக்களை அமைத்தன. இவை மேடையில் வாசிப்பதோடு பள்ளி மாணவருக்கும் கற்றுக்கொடுக்கின்றன. நம் நாட்டிலும் விடுதலைக்குப்பின் மத்தியப் பிரதேசத்துப் பச்மடியில் இராணுவ இசைப் பயிற்சிப் பிரிவு ஏற்பட்டது. ஆண்டுதோறும் ஜனவரி 29-ஆம் நாள் தில்லியில் முப்படைகளின் பேண்டுகளும் வாசிப்பதை நீங்கள் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள்.

திருச்சபையும் பேண்டும்

நம் திருச்சபை பேண்டை எப்படிப் பார்த்தது? 1903-ஆம் ஆண்டு புனித செசிலியம்மாள் திருநாளன்று திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணையில், கோவிலுக்குள் முரசு, சிம்பல் முதலிய இரைச்சல் வாத்தியங்கள் கூடாது என்றார். பேண்டு கோவிலுக்குள் வாசிப்பதையும் கண்டிப்பாகத் தடுத்தார். ஆனால் கோவிலுக்கு வெளியே நடக்கும் பவனிகளில், உலகப் பாடல்களை வாசிக்காதிருந்தால், ஆயரின் அனுமதியோடு பேண்டு வரலாம் என்றார். நம் பேண்டு தேருக்கு முன் முழங்கி வந்து, கோவில் வாசலில் ஓய்ந்து நின்றுவிடும் வழக்கம் இவ்விதியோடு ஒத்துப்போகிறது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், வழிபாட்டுக்குத் தகுந்த மற்ற வாத்தியங்களையும் ஆயரின் இசைவோடு ஏற்கலாமென்றும், மறைபரப்பு நாடுகளின் சொந்த இசைக்கு உரிய இடம் தர வேண்டுமென்றும் கூறியது. வாத்தியத்துக்கு வாசல் திறந்துவிட்டோம். வாசிப்பவனுக்குப் பந்தியில் இடம் தர மறந்துவிட்டோம்.

கோவா நாட்டில் பங்குப் பள்ளிகளே பல நூறு ஆண்டுகளாக ஏழைப் பிள்ளைகளுக்கு வயலினும் சுரமும் கற்பித்து வந்தன. பம்பாய், கல்கத்தா நகரங்களின் ஜாஸ் குழுக்களிலும் இந்தித் திரைப்பட இசைக் குழுக்களிலும் கோவாக் கத்தோலிக்கர் நிறைந்திருந்ததற்கு அந்தப் பள்ளி வராந்தாக்களே காரணம். ஒரு பங்கு தன் பிள்ளைகளுக்குக் கொடுத்த கல்வி எவ்வளவு தூரம் போயிற்று, பாருங்கள்.

நம் தென்னாட்டிலேயே மற்றொரு சான்று உண்டு. தென்கன்னட மாவட்டத்தில் நாதஸ்வரக்காரர் ஒருவருக்கு 1949-இல் மகனாகப் பிறந்த கத்ரி கோபால்நாத், சிறுவயதில் மைசூர் அரண்மனை பேண்டில் சாக்சபோனைக் கேட்டு அதன்மீது காதல் கொண்டார். கமகம் வருவதற்காக அக்கருவியில் மாறுதல்கள் செய்து, பல்லாண்டு உழைத்துக் கர்நாடக இசையை அதில் வாசித்தார். 1980-இல் பம்பாய் ஜாஸ் விழாவில் அமெரிக்கக் கலைஞர் ஜான் ஹாண்டி இவர் வாசிப்பைக் கேட்டு உடன்சேர்ந்து வாசித்தார். 1994-இல் 'டூயட்' திரைப்படத்தின் வழியாகத் தமிழகமெங்கும் அறிமுகமானார். 2019-இல் அவர் மறைந்தபோது, நம் சீமையின் கலியாண வீடுகளில் சாக்சபோன் நாதஸ்வரத்தின் தம்பியாகவே ஆகிவிட்டிருந்தது.

நம் கடமை

மதுரைக் கோட்டையின் மதில் 1840-களில் இடிக்கப்பட்டது. வெளி வீதிகள் என்ற பெயரும் சில கற்களுமே அதற்குச் சாட்சி. கோட்டைகள் போயின. அவற்றில் முழங்கிய வாத்தியங்களோ, யாரைக் கோட்டைக்குள் எவரும் மதித்து அழைத்திருக்க மாட்டார்களோ அவர்களுடைய பிள்ளைகளின் கைக்கு வந்து சேர்ந்தன. கொடியேற்றத்திலும் தேர்பவனியிலும், நம் பெற்றோரைக் கல்லறைக்குச் சுமந்து சென்ற அந்த மெதுவான நடையிலும் நம்மோடு வந்தவை அவையே.

ஒரு குற்றத்தையும் இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். நாம் வந்த புதிதில், செலவைக் குறைக்க எண்ணிப் பேண்டுக்குப் பதில் ஒலிபெருக்கியில் பதிவுப் பாடல்களைப் போடலாமென்று பங்குப் பேரவையில் சொன்னோம். இளைஞர் சிலர் செண்டை மேளம் வேண்டும் என்றார்கள். கிளாரினெட் பெரியவரின் கேள்வி மட்டும் வராதிருந்தால், இந்த யூபிலியில் எழுதுவதற்கு நம் பேண்டு இருந்திருக்காது. இப்போதே டிரம்போன் ஒன்று ஒடிந்து பரணில் கிடக்கிறது. யூபோனியத்தை ஊதத் தெரிந்தவர் ஒருவரே. அவருக்கும் மூச்சு முன்போல் இல்லை.

ஆகவே பங்குப் பேரவையுடன் கலந்து மூன்று காரியங்களை முடிவு செய்திருக்கிறோம். முதலாவது, யூபிலி உண்டியலில் ஒரு பங்கு வாத்தியங்களைப் பழுதுபார்க்கச் செலவிடப்படும். இரண்டாவது, சனிக்கிழமை மாலைதோறும் பள்ளி வராந்தாவில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பார்கள். ஆண் பெண் வேறுபாடில்லை, எந்தத் தெருப் பிள்ளையும் வரலாம். எந்தத் தெருப் பிள்ளையும் வர வேண்டும் என்பதே நம் ஆசை. தன் மகன் பேண்டு அடிப்பதா என்று கூச்சப்படும் பெற்றோர், தீட்சிதர் குடும்பத்துப் பிள்ளைகள் கூச்சப்படவில்லை என்பதை எண்ணிப் பார்க்கட்டும். மூன்றாவது, யூபிலித் திருவிழா விருந்தில் பேண்டுக் குழுவினர் குருக்களோடு முதற்பந்தியில் அமர்வார்கள். இதற்கு எதிராக இரண்டொருவர் நம்மிடம் வந்து பேசினார்கள். அவர்களுக்கும் அதே பந்தியில் இலை போட்டிருக்கிறோம் என்று சொல்லியனுப்பினோம்.

யூபிலிக் கொம்பு ஊதப்பட்டபோது அறிவிக்கப்பட்டது விடுதலை. கொம்பை ஊதியவனையே வெளியே நிறுத்திவிட்டு அந்த விடுதலையைக் கொண்டாட முடியாது. இவ்வாண்டு தேர் நிலைக்கு வந்தபின் அந்தப் பெரியவர் தம் கிளாரினெட்டை உறையில் இட்டுவிட்டு, பங்கு இல்லத்தின் முன்வாசல் வழியாக உள்ளே வருவார். அவருக்குப் பக்கத்து இலையில் நாம் அமர்வோம். இடம் இருக்கிறது, நீங்களும் வாருங்கள்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குத்தந்தை